வாலாஜாபேட்டைத் துப்பாக்கியும் முங்கேர் உஸ்தாதும்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று ஆபீஸில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கொசு பேட்டையே இரண்டு கையால் பிடிக்கிற ஆள் நான். ஆனால் இருக்கிறது. உரிமப் புத்தகத்தோடு, போலீஸ் முத்திரைகளோடு, முறையாக இருக்கிறது.

கைத்துப்பாக்கிதான், ஆனால் சினிமாவில் இடுப்பில் செருகுவார்களே அந்த மாதிரி இல்லை. முழங்கை நீளம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. 9 அங்குலக் குழல், வால்நட் கட்டை, பித்தளைப் பூண். வாய்வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். குதிரை மேல் போகிறவன் அந்தக் கம்பியைத் தவற விட்டால் கதை முடிந்தது என்பதால், அதைக் குழலோடேயே கீல் வைத்துப் பிணைத்திருப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படைக்காரர்கள் வைத்திருந்த சாமான்.

எங்கள் பூர்வீகம் வாலாஜாபேட்டை. என் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா ஆற்காட்டுக் குதிரைப்படைக் கண்டோன்மெண்ட்டுக்குக் கொள்ளு சப்ளை செய்தவர் (கொள்ளுத்தாத்தா என்கிற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வம்சம் கிடையாது). அவருக்கு இந்தத் துப்பாக்கி வந்த கதையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து போய் அடக்கினார். நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். தப்பி வந்த ஒரு சிப்பாயை எங்கள் முன்னோர் கொள்ளு மூட்டைகளுக்கு நடுவில் மூன்று நாள் ஒளித்து வைத்தாராம். போகும்போது அந்தச் சிப்பாய் விட்டுப் போனதுதான் இது. 2006இல் வேலூர்ப் புரட்சியின் 200ஆவது ஆண்டுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அப்பா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைப் பேசிக் கைதட்டல் வாங்கினார். பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

கதை இப்படி என்றால், துப்பாக்கியின் நிஜ வாழ்க்கை வேறு மாதிரி. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்ததும் இந்தியர்கள் உரிமம் வாங்கியாக வேண்டும் (வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு!). எங்கள் வீட்டில் வாங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1959ஆம் வருடச் சட்டம். உரிமம் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதை ஈரிழைத் துண்டில் சுற்றி, கூடையில் வைத்து, கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிற மாதிரி எடுத்துப் போவார். ஏட்டு ரசீது கொடுப்பார். ஓட்டு எண்ணி முடித்ததும் திரும்பி வரும். எத்தனை சட்டசபை, எத்தனை பாராளுமன்றம், எத்தனை பஞ்சாயத்து!

அப்பாவுக்கு 84 வயதாகிறது. "இனிமே என்னால கூடை தூக்க முடியாதுடா. ஒண்ணு நீ எடுத்துக்க, இல்லன்னா சர்க்கார்ல குடுத்துடறேன்" என்றார். 2016ஆம் வருட ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. உரிமக்காரர் 70 வயதைத் தொட்டாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். கேட்டோம். அங்கே கலெக்டர் ஆபீஸ், இங்கே கொல்கத்தா போலீஸ். இரண்டு மாநிலத்துக் காகிதமும் கை குலுக்கிக்கொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த நடையை எழுதினால் தனிப் புத்தகம். விடுங்கள். கடைசியில் பூட்டிய பெட்டியில், காகிதக் கட்டோடு, ஹௌரா மெயிலில் என் பெர்த்துக்கு அடியில் அது வங்காளம் வந்து சேர்ந்தது.

வந்ததைப் பார்த்தால் அழுகையாக இருந்தது. குழல் முழுக்கச் செம்மண் பூசின மாதிரி துரு. பித்தளையில் பச்சை. கட்டையில் ஒரு விரிசல். குதிரையைப் பின்னால் இழுத்தால் நிற்காமல் தொளதொளவென்று ஆடியது. தங்கமணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துடுமே, லேக் மார்க்கெட்ல நல்ல புளி வந்திருக்கு" என்றார். அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். "என் கண்ணு மூடறதுக்குள்ள ஒரு தடவை அது பளபளன்னு மின்றத பாக்கணும்டா."

துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். தெருமுனை வெல்டிங் கடையில் கொடுக்கிற சமாசாரம் இல்லை. நல்ல காலம், நான் இருப்பது கொல்கத்தா. டல்ஹவுஸி பக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிற துப்பாக்கிக் கடைகள் இன்னமும் உண்டு. அந்த வட்டாரத்துக்கே துப்பாக்கி வாசனை. 1914 ஆகஸ்டில் ராடா கம்பெனிக்குக் கப்பலில் வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனது இங்கேதான். 1930 டிசம்பர் 8ஆம் தேதி ரைட்டர்ஸ் பில்டிங்கில் நுழைந்து சிறைத்துறை ஐ.ஜி. சிம்ஸனைச் சுட்ட பினய், பாதல், தினேஷ் மூன்று பேரின் பெயரைத்தான் டல்ஹவுஸி சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். பி.பா.தீ. பாக் என்று பஸ்ஸில் போட்டிருப்பது அதுதான்.

நான் போன கடையில் கண்ணாடி அலமாரிகள் பாதி காலி. முதலாளி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உஸ்தாத்" என்று பின்பக்கம் குரல் கொடுத்தார்.

உஸ்தாதுக்கு 70க்கு மேல் இருக்கும். லுங்கி, பனியன், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. சொந்த ஊர் பீகாரில் முங்கேர். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வங்காள நவாப் மீர் காசிம் 1760களில் கம்பெனியோடு மல்லுக்கட்டத் தயாரானபோது தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து முங்கேருக்கு மாற்றினார். அங்கே துப்பாக்கிப் பட்டறைகள் போட்டார். நவாப் போய்விட்டார், பட்டறைக்காரர்கள் தங்கிவிட்டார்கள். உஸ்தாதின் அப்பா, தாத்தா எல்லாம் அந்த வம்சம்.

"கோடா கராப் ஹை" என்றார், குதிரையை ஆட்டிப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தியிலும் அது குதிரைதான்! நம் ஊரிலும் துப்பாக்கிக் குதிரை என்றுதானே சொல்கிறோம். இரண்டு பாஷையும் எங்கே பேசி வைத்துக்கொண்டனவோ. அவரிடம் சொன்னேன். "அப்படியா, மதராஸிலும் கோடா தானா?" என்று அவருக்கும் சந்தோஷம். அன்றைக்கே எங்களுக்குள் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

பிறகு அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். துருவைத் தொடவில்லை. திருகாணியைத் தொடவில்லை. ஒரு மரக்குச்சியை எடுத்து, குழலின் வாய்வழியாக மெதுவாக விட்டார். முட்டிய இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்தார். அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தார். அடிவரைக்கும் போயிருக்க வேண்டிய குச்சி ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தது.

இன்னொரு தடவை அளந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"சாப், யே பரா ஹுவா ஹை."

கெட்டித்திருக்கிறது. மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கின்றன.

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. ஈரிழைத் துண்டில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்த கூடை, ஹௌரா மெயில், பெர்த்துக்கு அடியில் பெட்டி, மேல் பெர்த்தில் தூங்கிய என் பெண். எல்லாம் ஒரு நிமிடத்தில் ஓடி முடிந்தது. "இத்தனை வருஷத்தில் மருந்து செத்துப் போயிருக்காதா?" என்று கேட்டேன். உஸ்தாத் தலையை ஆட்டினார். கறுப்பு மருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஈரம் பட்டால்தான் சாகும். காய்ந்த இடத்தில் அடைபட்டுக் கிடந்தால் 100 வருஷம் ஆனாலும் அதற்கு வயதே ஆகாது.

அடுத்த ஐந்து நாள் அது கடையின் பின்கட்டில், வாய் மண் மூட்டையைப் பார்த்தபடி கிடந்தது. குதிரை வந்து அடிக்கிற இடத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதன் தலையில்தான் கேப்பை மாட்ட வேண்டும். நம் தீபாவளித் துப்பாக்கிக்குக் கேப் என்று பெயர் வந்ததே இதிலிருந்துதான். அந்தக் குழாய்க்குச் சுற்றிலும் தினமும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். ஆறாம் நாள் என்னை வரச் சொன்னார். முதலில் வாய்வழியாக, முனையில் சுருள் வைத்த ஒரு கம்பியை விட்டுத் திருகி, மேலே அடைத்திருந்த தக்கையை இழுத்தார். கசங்கிய காகிதம். பிறகு குழாயைக் கழற்றினார். ஊசி போடுகிற சிரிஞ்சால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருந்தார். உப்பு கரைந்து மருந்து செத்தது. கறுப்புக் குழம்பாக வழிந்தது. கடைசியாகத் திருகாணி முனை வைத்த கம்பியை ஈயக் குண்டுக்குள் ஏற்றி, நல்ல பல்லைப் பிடுங்குவது போல இழுத்தார். சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை பாய்ந்த ஒரு குண்டு, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, டக்கென்று தட்டில் விழுந்தது.

நான் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். பழுப்பேறித் தூள் தூளாக வந்தது. நடுவில் தப்பிய ஒரு துணுக்கில் அச்சுக் கோடுகள். கட்டம் போட்ட பக்கம். அதில் "ழிகை" என்று இரண்டு எழுத்து. நாழிகை! பஞ்சாங்கத் தாள். உஸ்தாத் எட்டிப் பார்த்து "க்யா லிகா ஹை?" என்றார். நல்ல நேரம் பார்க்கிற புத்தகம் என்றேன். "சரியான நேரம் பார்த்துத்தான் கெட்டித்திருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கத்தைக் கிழித்துத் தக்கை அடைத்தவன் எந்தக் குதிரைப்படைக்காரனும் இல்லை. அது எங்கள் வீட்டு ஆள். திருட்டுப் பயமோ, பங்காளிச் சண்டையோ, எந்த ராத்திரியில் எதற்குக் கெட்டித்தாரோ. சுடவும் இல்லை, எடுக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அப்பா, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்டா. உங்க சித்தப்பன நெனச்சிக்கினேன்."

அப்பாவுக்கு ஒன்பது வயது, சித்தப்பாவுக்கு ஏழு. ஒரு தீபாவளி. பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்து இரண்டு பேரும் திருடன் போலீஸ் விளையாடியிருக்கிறார்கள். சித்தப்பா ஒரு பொட்டு வெடியை அந்தச் சின்னக் குழாய் மேல் வைத்து, இரண்டு கையாலும் குதிரையை இழுத்து, திருடனைப் பார்த்து அடித்திருக்கிறார். திருடன், அப்பா.

"டப்புனு பொட்டு வெடிச்சுது. உள்ள ஏதோ ஒடைஞ்ச மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்பறம் குதிரை நிக்கவே இல்ல. ஒடச்சிட்டோம்னு பயந்துனு திரும்ப மாட்டிட்டோம். அடி விழும்னுதான் பயந்தோம்டா."

மறுநாள் உஸ்தாதிடம் ஓடினேன். அவர் கழற்றி வைத்திருந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் துரு கல்லாக இறுகி அடைத்திருந்தது. பொட்டின் நெருப்பு மருந்துக்குப் போகவே இல்லை. "ஜங் நே பசாயா" என்றார். துருதான் காப்பாற்றியது. நான் காசு கொடுத்து நீக்கச் சொன்ன துரு.

இன்னொன்றும் அப்பா சொன்னார். அவருடைய பாட்டி இருந்தவரை அந்தத் துப்பாக்கியின் வாய் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம். யாராவது மாற்றி மாட்டினால் பூஜையை விட்டு எழுந்து வந்து திருப்பி வைப்பாராம். "அது வாயி ஆள் பக்கம் பாக்கக் கூடாது" என்பாராம். கிழவியின் சம்பிரதாயம் என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று அப்பா கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். தெரிந்திருந்தும் சொல்ல முடியாத காரணம் ஏதாவது இருந்ததோ என்னவோ.

உள்ளே இருந்த அபாயம் போனதும் உஸ்தாத் நிஜமான வேலையை ஆரம்பித்தார். சனிக்கிழமை தோறும் போய் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு மாதம்.

திருகாணி கழற்றுவதற்கு முன்னால் திருப்புளி செய்தார். ஆமாம், செய்தார். அந்தக் காலத்து இங்கிலீஷ் திருகாணியின் பிளவு தலைமுடி மாதிரி மெல்லிசு. கடையில் வாங்கும் திருப்புளி உட்காராது, வழுக்கித் தலையைச் சிதைக்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் அளவாக ஒரு திருப்புளியை அரத்தில் தேய்த்தார். கழற்றியதை ஓர் அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தார்.

துருவுக்கு ஆசிட் இல்லை, உப்புத் தாள் இல்லை. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய செப்புக் காசின் விளிம்பால் சுரண்டுவார். செம்பு இரும்பைவிட மெத்து, துருவைத்தான் எடுக்கும், இரும்பைக் கீறாது. கையை எட்டாத மூலைக்கு மூங்கில் சிம்பு. மேலே உதிர்கிறதெல்லாம் போன பிறகு குழலை மழைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், ஆகாது என்றார். மிச்சமிருந்த சிவப்புத் துரு, கொதியில் கறுப்பாக மாறியது. சிவப்பு இரும்பைத் தின்னும், கறுப்பு அப்படியே படிந்து காவல் இருக்கும்.

"இன்னும் தேய்த்தால் வெள்ளி மாதிரி ஆகாதா?" என்று அப்பாவுக்காகக் கேட்டேன்.

"ஆகும். ஒரு மணி நேர வேலை. பஃபிங் மெஷினில் காட்டினால் போதும்" என்றார். "ஜங் அலக், ரங் அலக்." துரு வேறு, நிறம் வேறு. துரு வியாதி. நிறம் வயசு. வியாதிக்குத்தான் வைத்தியம்.

சித்தப்பா உடைத்தது குதிரைக்குள் இருக்கும் வில். மடித்த வி மாதிரி இருக்கும். பழைய ஸ்பிரிங் எஃகில் புதிது அடித்தார். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி கெட்டியாகும், ஆனால் வளைத்தால் உடையும். அதனால் மறுபடி எண்ணெய் தடவி, அந்த எண்ணெய் தானாகப் பற்றி எரிந்து தீரும் வரை சூடு காட்டினார். மூன்று முறை. தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. எரிகிற நிறத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். மாட்டிவிட்டுக் குதிரையை இழுத்தார். க்ளிக், க்ளிக் என்று இரண்டு படியில் நின்றது. அந்தச் சத்தத்தை அப்பாவுக்குப் போனில் கேட்க வைத்தேன்.

புது வில்லின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி அடித்திருந்தார். ஏன் என்றேன். "நாளைக்கு வேறு மிஸ்திரி திறந்தால், இது பழசு இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? ஏமாறக் கூடாது." வெளியிலிருந்து பார்த்தால் அவர் கை பட்டதே தெரியாது.

கட்டை விரிசலை ஒட்டி, ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் தன் கதையைச் சொன்னார். இரண்டு பிள்ளைகள். ஒருவர் மொபைல் கடை, ஒருவர் வண்டி ஓட்டுகிறார். தொழில் படிக்க யாரும் வரவில்லை. "முங்கேர் என்று சொன்னால் முன்பெல்லாம் உஸ்தாத் என்பார்கள். இப்போது கட்டாவா என்று கேட்கிறார்கள்." கட்டா என்றால் கள்ளத் துப்பாக்கி. ரயிலில் ஊர் பெயரைச் சொல்லவே கூசுகிறது என்றார். குரல் உயரவில்லை. உள்ளங்கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில்தான் லாக் தகட்டின் துரு முழுக்க விலகியது. உஸ்தாத் டார்ச் அடித்துக் காட்டினார். பின்னங்காலில் நிற்கும் ஒரு சிங்கம், கம்பெனி முத்திரை. பக்கத்தில் நான்கு எண்கள். 1852.

எனக்கு உள்ளுக்குள் தெரியும், ஆனாலும் கேட்டேன். இது 1806ஆம் வருடத் துப்பாக்கியாக இருக்கலாமா? பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பிறகு கேப் முறைக்கு மாற்றியதாக இருக்கலாம் அல்லவா? அவர் பொறுமையாகத் தகட்டைத் திருப்பினார். மாற்றியதாக இருந்தால் சக்கிமுக்கிச் சாமான்களைப் பொருத்தியிருந்த துளைகளை அடைத்த தழும்பு இருக்கும். இதில் இல்லை. பிறந்ததே கேப் துப்பாக்கியாகத்தான். கணக்கும் ஒத்து வரவில்லை. பறவை வேட்டைப் பைத்தியமான ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர், ஃபோர்சித், தட்டினால் பற்றுகிற ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1807இல்தான். ராணுவத்துக்கு அது பரவலாக வந்து சேர 1840 ஆகிவிட்டது. வேலூரில் சிப்பாய்கள் எழுந்த அன்று இந்தத் துப்பாக்கி உலகத்திலேயே இல்லை.

பித்தளைப் பூணில் பச்சை போன பிறகு இன்னொன்றும் தெரிந்தது. "சி" என்ற ஆங்கில எழுத்தும் 47 என்ற எண்ணும் குத்தியிருந்தது. படைப்பிரிவில் எந்தத் துப்பாக்கி யாருடையது என்று தெரிய அடிக்கிற எண். யாரோ துரை வைத்திருந்த அலங்காரப் பொருள் இல்லை, 47ஆம் நம்பர் சிப்பாயின் சாமான். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்திருந்தால் பத்து வருடத்தில் மழுங்கியிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ராணுவம் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்திருக்கலாம். கொள்ளுப் பாக்கிக்கு ஈடாகக் கூட வந்திருக்கலாம்!

பொன்னாடை போர்த்திக்கொண்ட 84 வயது மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? தங்கமணி, "எதுக்கு இப்ப அதெல்லாம், விடுங்களேன்" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் வில்லுக்கு உள்ளே புள்ளி அடித்து வைக்கிற ஆளோடு நான்கு மாதம் உட்கார்ந்துவிட்டு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது படங்களைக் காட்டினேன். முதலில் "ஏன்டா பளபளன்னு இல்ல?" என்றார். ஜங், ரங் விளக்கம் சொன்னேன். அரை மனதோடு தலையாட்டினார். பிறகு சிங்கத்தையும் 1852ஐயும் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி. துப்பாக்கி அந்தாளுது இல்ல. அதனால அந்தாள ஒளிச்சி வைக்கலன்னு ஆயிடுமா?"

"ஆகாதுப்பா. ஆனா ஒளிச்சி வச்சாங்கன்னும் ஆகாது."

"உனுக்கு வக்கீல் புத்திடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "47ன்னு போட்டுக்கீதே, அவன் யாரா இருப்பான்? நம்ம கொள்ளத் தின்ன குதிர மேல போனவனா இருப்பானோ?" என்று கேட்டார். அவர் குரலில் சுரத்து திரும்பியிருந்தது. அடுத்த கதைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது துப்பாக்கி கொல்கத்தாவில், பூட்டிய இரும்பு அலமாரியில், கறுத்த நிறத்தோடு இருக்கிறது. கூடவே ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இடது பக்கம் "கண்டது": 1852, சி 47, பஞ்சாங்கத் தாள், உள்ளே கிடந்த குண்டு, புது வில் எந்த வருடம் போட்டது. வலது பக்கம் "கேட்டது": வேலூர், கொள்ளு மூட்டை, மூன்று நாள், பாட்டி சொன்னது. இரண்டையும் என் பெண் படிக்கட்டும். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், படிக்கட்டும். அலமாரிக்குள் அது சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது.

பி.கு.: ஊரில் பழைய வீடு இருக்கிறவர்கள் கவனத்துக்கு. பரணில், பெட்டியில் நாட்டுத் துப்பாக்கி எதுவும் கிடைத்தால் குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள், கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லை என்றால் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லி ஒப்படைப்பதுதான் சட்டம். உரிமம் இருந்தால், அதை எழுதி வைத்திருக்கிற பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே வாரிசு மாற்றத்தைத் தொடங்குங்கள். 2019ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது, பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில்தான் வரும். பழுது பார்க்க உரிமம் உள்ள கடைக்கே போங்கள். கடைக்காரர் முதலில் குச்சியால் அளக்கிறாரா என்று பாருங்கள். அளக்காமல் திருப்புளியை எடுத்தால், வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.